இறுக்கத்தில் நிற்கும் சக்கரம்

சித்திரை பிறந்துவிட்டால் ராஜபாளையம் – தென்காசிச் சாலைக்கு ராத்திரி என்பதே கிடையாது. மலையடிவாரத் தோப்புகளில் பறித்த சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கிரேட்டுகளில் ஏறி, சேத்தூர், சிவகிரி, புளியங்குடி என்று போய், செங்கோட்டைக்கு அப்பால் கணவாய் ஏறிக் கேரளத்துக்குள் இறங்கும். லாரிகளுக்கு நடுவே பொலேரோ பிக்கப்பும் தோஸ்தும் யோதாவும் வரிசையாகப் போகும். அவற்றில் சில வண்டிகளைப் பின்னாலிருந்து பார்த்தால், சக்கரங்கள் மட்கார்டு விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே நிற்கும். வண்டி அகண்டு, காலைப் பரப்பி நிற்கிற மிடுக்கு தெரியும். அந்த இரண்டு விரற்கடைக்குக் காரணம், உள்ளே மறைந்திருக்கும் ஸ்பேசர்.

ஸ்பேசர் என்பது தடித்த உலோக வளையம். சக்கரம் போய் உட்காரும் ஹப்புக்கும் சக்கரத்தின் டிஸ்க்குக்கும் நடுவே அது உட்காரும். 30 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சக்கரம் 30 மில்லிமீட்டர் வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்தால் வண்டியின் சக்கர அகலம் 60 மில்லிமீட்டர் கூடும். இதில் இரண்டு வகை. ஒன்று வெறும் வளையம்: ஹப்பில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டட் என்ற மரைக்கம்பிகளில் மாட்டி, அதன்மேல் சக்கரத்தை ஏற்றி, பழைய நட்டையே போடுவது. இன்னொன்று தனக்கென்று ஸ்டட் வைத்த தடித்த வகை: அதை முதலில் ஹப்பில் நட் போட்டு இறுக்க வேண்டும், பிறகு அதிலிருக்கும் புது ஸ்டட்டுகளில் சக்கரத்தை மாட்ட வேண்டும்.

மாட்டுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. பார்வைக்கு நன்றாக இருக்கிறது. பெரிய டயர் போட்டால் உள்பக்கம் உரசாது. மூன்றாவதுதான் பாரம் ஏற்றும் டிரைவர்கள் மெய்யாகவே நம்புவது: “அகண்டு நின்னா வளைவுல வண்டி கவிழாதுல்ல, அண்ணே?” இந்தக் கேள்வி அலட்சியமாகத் தள்ளத் தக்கதல்ல. கிரேட் அடுக்கிய வண்டியோடு கணவாய் வளைவுகளில் இறங்குகிறவர் கேட்கும் கேள்வி அது. அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன், சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலோர் நினைப்பது ஸ்டட் என்று. அது பாதிதான் சரி.

மாட்டு வண்டியில் சக்கரத்தின் குடம் அச்சின் மேல் தொங்குகிறது. அச்சுக்கும் குடத்துக்கும் இடையே இடம் இருக்கும், எண்ணெய் விடுவார்கள், சக்கரம் கழன்று வெளியே போகாமல் கடையாணி தடுக்கும். வண்டியின் பாரம் முழுவதும் அச்சுக்கம்பியின் மேலேயே ஏறுகிறது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சுமந்து நகரும் பெரிய தேருக்கும் அடிப்படை அதுதான். அதனால் நமக்கு வழிவழியாக ஒரு எண்ணம் பதிந்திருக்கிறது: கம்பி தாங்குகிறது, ஆணி தடுக்கிறது.

மோட்டார் வண்டிச் சக்கரம் அப்படித் தொங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் இழுபட்டு நீள்கிறது. நீண்ட எஃகு திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்க விசை டிஸ்க்கை ஹப்பின் முகத்தோடு வைத்து அழுத்துகிறது. இரண்டு முகங்களும் அப்படி அழுந்திக் கிடப்பதால் எழும் உராய்வுதான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. பாரமும் பிரேக்கும் இழுவையும் அந்த உராய்வின் வழியாகத்தான் கடக்கின்றன. எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஸ்டட்டின் வேலை இழுபட்டு நிற்பது மட்டுமே. பக்கவாட்டில் அதை வெட்டப் பார்க்கும் விசை அதன்மேல் ஏறவே ஏறாது.

எவ்வளவு அழுத்தம் என்று பார்க்கலாம். பிக்கப் வண்டிகளில் பரவலாக இருப்பது 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அதை 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் ஒவ்வொரு ஸ்டட்டிலும் எழும் இழுவிசை ஏறக்குறைய நாலரை டன். ஆறு ஸ்டட்டுக்கு 27 டன்னுக்கு மேல். உராய்வு அதில் ஏழில் ஒரு பங்கு என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், சக்கரம் ஹப்பின் மேல் வழுக்க 4 டன் அளவு விசை வேண்டும். முழுப் பாரம் ஏற்றிய பின்சக்கரத்தின் மேல் இருப்பது ஒரு டன், சற்றுக் கூட. நிறைய மிச்சம் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இனி எனக்கு இன்றும் வியப்பூட்டும் கணக்கு. நாலரை டன் விசையில் அந்த ஸ்டட் எவ்வளவு நீளும்? ஹப்பு முகத்துக்கும் நட்டுக்கும் இடையே இழுபடும் பகுதி 20 மில்லிமீட்டர் என்று வைத்தால், நீட்சி சுமார் 0.05 மில்லிமீட்டர். நாம் எழுதும் சாதாரணத் தாளின் கனத்தில் பாதி. ஒரு டன் பாரம் ஏற்றிய சக்கரம் நிற்பது அந்த அரைத்தாள் நீட்சியின் பலத்தில்.

இதிலிருந்து ஒன்று உடனே பிடிபடும். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே பெயின்ட் இருக்கிறது, துரு இருக்கிறது, வயலில் இறங்கிய வண்டியில் காய்ந்த சேறு இருக்கிறது. இறுக்கும்போது அவையெல்லாம் கெட்டியாகத்தான் தெரியும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் படலம் நொறுங்கி 0.05 மில்லிமீட்டர் படிந்தால் போதும், ஸ்டட் தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். இழுவிசை போய்விடும். நட் ஒரு சுற்றுக்கூடத் திரும்பியிருக்காது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அழுத்தம் மட்டும் இருக்காது. அழகுக்கென்று ரிம்முக்குப் போடும் பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்கு மேல் கனம் வரும். அதாவது 0.06 மில்லிமீட்டர். அந்தப் பூச்சு ஹப்பில் அமரும் முகத்திலும் ஏறியிருந்தால் ஸ்டட்டின் மொத்த நீட்சியைவிட அதன் கனம் அதிகம். பட்டறையில் கம்பி பிரஷ் போட்டு ஹப் முகத்தைத் தேய்க்கிற மெக்கானிக்கைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடுவது இதனால்தான்.

அழுத்தம் குறைந்தபின் நடப்பது என்ன? கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. நட் கழல்வது மேலும் கீழுமான அதிர்வால் என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். யுங்கர் ஓர் இயந்திரம் செய்து, இறுக்கிய பொருளைப் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தார். முகங்கள் வழுக்காதவரை நட் அப்படியே நின்றது. வழுக்கத் தொடங்கியதும் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வு விடுபட்டு, நட் தானாகவே பின்னோக்கிச் சுழன்றது. யாரும் திருகவில்லை. சிறிய வழுக்கல் மறுபடி மறுபடி நடந்தால் அதுவே போதும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் இடது மரை வைத்திருந்தார்கள். சக்கரம் சுழலும் திசையே நட்டைக் கழற்றிவிடக் கூடாது என்ற பயம். இன்றைய வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே மரைதான். போதுமான அழுத்தம் இருந்தால் அந்த ஏற்பாடு வேண்டியதில்லை.

நட் கழலாமல் நின்றாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. அழுத்தம் போன பிறகு டிஸ்க் ஸ்டட்டின் மேல் தொங்குகிறது, மாட்டு வண்டிச் சக்கரத்தைப் போலவே. ஆனால் ஸ்டட் மாட்டு வண்டி அச்சல்ல; 12 மில்லிமீட்டர் கம்பி. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அது ஒருமுறை ஒருபுறம், ஒருமுறை மறுபுறம் வளைகிறது. 215/75 ஆர்15 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை சுற்றும். ராஜபாளையத்திலிருந்து மதுரை 85 கிலோமீட்டர் என்றால் 38,000 சுற்று. போய்வந்தால் 76,000 வளைவு. கையால் ஒரு கம்பியை நாலுமுறை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதைவிடப் பல மடங்கு சின்ன வளைவுகள்தான் இவை. ஆனாலும் விரிசல் விட இவ்வளவு எண்ணிக்கை போதும்.

உலோகத்தின் இந்தச் சோர்வை உலகம் கற்றுக்கொண்டதும் சக்கர அச்சிலிருந்துதான். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் முன் என்ஜினில் அச்சு ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகைச் சுற்றிவந்த கடலோடி துமோன் துர்வில் குடும்பத்தோடு அதில் இறந்தார். நல்ல இரும்பு, பல நாள் ஓடிய இரும்பு, தாங்கக்கூடிய பாரத்தில் ஏன் ஒடிய வேண்டும்? பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களின் இறுதியில் தொடங்கி 1870 வரை அச்சுத் துண்டுகளைச் சுழலவிட்டு வளைத்து வளைத்து எண்ணினார். ஒருமுறை இழுத்தால் தாங்கும் விசையில் சிறு பங்கே இருந்தாலும், லட்சக்கணக்கான முறை மாறி மாறி வந்தால் உலோகம் விரிசல் விடும் என்று அவர் நிறுவினார். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் ஒடியாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சந்தையில் கிடைக்கும் ஸ்பேசர்களில் பெரும்பாலானவை அலுமினியம்.

இப்போது ஸ்பேசரை இந்தக் கணக்குக்குள் கொண்டுவருவோம்.

வெறும் வளைய வகை முதலில் மரையைத் தின்கிறது. 5 மில்லிமீட்டர் வளையம் போட்டால் நட்டுக்குள் ஏறும் ஸ்டட்டில் 5 மில்லிமீட்டர் குறையும், 1.5 மில்லிமீட்டர் மரையில் அது மூன்று சுற்றுக்கு மேல். ஸ்டட்டின் விட்டமளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் கைக்கொள்ளும் அளவு. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 8 சுற்று. நட்டை விரலால் திருகி எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டுக்குக் குறைந்தால் அந்த வளையத்தை அப்போதே எடுத்துவிட வேண்டும், அல்லது நீளமான ஸ்டட் மாற்ற வேண்டும்.

ஸ்டட் வைத்த வகையில் மரைக் கவலை இல்லை. அதன் சிக்கல் வேறு. இதுவரை ஒரே ஓர் இணைப்பு இருந்தது: டிஸ்க்கும் ஹப்பும். இப்போது இரண்டு: ஹப்பும் ஸ்பேசரும், ஸ்பேசரும் டிஸ்க்கும். அழுந்த வேண்டிய முகங்கள் இரண்டிலிருந்து நான்காகின்றன. பெயின்ட், துரு, சேறு படிய நான்கு இடம். இறுக்க வேண்டிய நட் ஆறிலிருந்து பன்னிரண்டு. அவற்றில் உள்ளே இருக்கும் ஆறு, சக்கரத்தைக் கழற்றினால் தவிரக் கண்ணில் படாது. டீக்கடையில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றி ஸ்பேனர் வைத்துப் பார்க்கிற கவனமான டிரைவருக்குக்கூட அந்த ஆறும் எட்டாது. ஸ்பேசர் விஷயத்தில் எனக்குப் பெரிய அச்சம் இதுவே. அது ஒடிந்துவிடும் என்பதல்ல. தளர்ந்தால் தெரியாது என்பது.

அடுத்து நடு ஓட்டை. ஹப்பின் நடுவே வட்டமாக ஒரு கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்கின் நடு ஓட்டை அதில் சரியாகப் போய் உட்கார்ந்து சக்கரத்தை நடுவில் நிறுத்தும். ஸ்பேசரின் ஓட்டையும் அந்த அளவில் இருக்க வேண்டும். அதன் வெளிப்பக்கம் சக்கரத்துக்கு அதே அளவில் இன்னொரு கழுத்து வேண்டும். கடைக்காரர் “ஆறு ஸ்டட், 139.7” என்று மட்டும் கேட்டு எடுத்துக்கொடுத்தால் ஏமாந்துவிடுவோம். இசூசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டுமே ஆறு ஸ்டட், இரண்டிலும் ஸ்டட் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர், பழைய ஐந்தரை அங்குலக் கணக்கு. ஆனால் நடு ஓட்டை ஒன்றில் 100.1, மற்றதில் 106.1 மில்லிமீட்டர். ஹைலக்ஸுக்கானதை டி-மேக்ஸில் வைத்தால் எல்லா ஸ்டட்டும் ஓட்டையில் ஏறும். பொருந்திவிட்டது போலவே இருக்கும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது உள்ளே மறைந்துவிடும். ஸ்பேசர் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே வேகம் ஏறும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம்தான் யுங்கர் காட்டிய பக்கவாட்டு நகர்வுக்கும் தீனி போடுகிறது.

இதனால்தான் லேத் பட்டறையில் ஒரு தகட்டைக் கடைந்து ஸ்பேசர் செய்துகொள்வதை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். ராஜபாளையத்து மில்களுக்கு உதிரி பாகம் கடைந்து பழகிய கைகளுக்கு அளவு தப்பாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசல் நேர்த்தி வேறு, உலோகத்தின் தன்மை வேறு. நல்ல ஸ்பேசர் 6061 டி6 அல்லது 7075 டி6 என்ற, சூடாக்கிப் பதப்படுத்திய அலுமினியக் கலவையில் வருகிறது. முன்னதைவிடப் பின்னதற்கு இழுவலிமை ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய இரும்புக் கடையில் வாங்கிய அலுமினியத் துண்டு எந்தக் கலவை, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சக்கரம் வெளியே நகர்ந்ததும் பேரிங்குக்கு வேலை கூடுகிறது. பாரம் 1,100 கிலோ, நகர்வு 30 மில்லிமீட்டர் என்றால் கூடுதலாக ஏறும் திருப்புவிசை 324 நியூட்டன் மீட்டர். ஒரு வீல் நட்டை முறுக்கும் விசையைப்போல் மூன்று மடங்கு, எந்நேரமும், வண்டி நிற்கும்போதுகூட. பள்ளத்தில் இறங்கி ஏறினால் இன்னும் பெருகும். உருளை பேரிங்கின் ஆயுள் பாரத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. மூன்றுக்கு மேற்பட்ட அடுக்கில் குறைகிறது. பாரம் 20 சதவீதம் கூடினால் ஆயுள் 45 சதவீதம் போய்விடும். ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய பேரிங் 55,000-இல் சத்தம் போடத் தொடங்கும்.

முன்சக்கரத்தில் இன்னொன்றும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தைத் தயாரிப்பாளர் பார்த்துப் பார்த்துக் குறைத்து வைத்திருப்பார். ஸ்பேசர் அதை நீட்டிவிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலோ, ஒரு பக்கம் மணலிலும் மறுபக்கம் தாரிலுமாகப் பிரேக் போட்டாலோ ஸ்டியரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். தார் ஓரம் உடைந்த கிராமச் சாலைகளில் இதைத் தினமும் உணரலாம்.

இனி கவிழாது என்ற நம்பிக்கை. வளைவில் வண்டி கவிழ்வதைத் தீர்மானிப்பவை இரண்டு அளவுகள்: சக்கர அகலத்தில் பாதி, பாரத்தோடு சேர்ந்த எடைமையத்தின் உயரம். முதலதை இரண்டாவதால் வகுத்தால் வருவது நிலைப்புத்தன்மையின் அளவு. அகலம் 1,450 மில்லிமீட்டர், கிரேட் அடுக்கிய வண்டியின் எடைமையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்று வைப்போம். 725-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.725. இருபுறமும் 30 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் 0.755. நான்கு சதவீதம் கூடியிருக்கிறது. டிரைவர் சொன்னது பொய்யில்லை. அகண்டால் நிலைப்புத்தன்மை கூடத்தான் செய்கிறது.

ஆனால் வளைவில் வண்டியைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆகவே நான்கு சதவீத லாபம் வேகத்தில் இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடும். எந்த வளைவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கவிழுமோ, அதே வளைவில் ஸ்பேசர் போட்ட வண்டி 51-இல் கவிழும். இத்தனை செலவுக்கும் ஆபத்துக்கும் கைம்மாறாகக் கிடைப்பது அந்த ஒரு கிலோமீட்டர் வேகம். அதே லாபத்தை வேறு வழியில் பெற எடைமையத்தை 4 சென்டிமீட்டர் கீழே இறக்கினால் போதும். மேலே இருக்கும் ஒரு வரிசை கிரேட்டை இறக்குவது, காயான கனத்த பழத்தை அடியிலும் லேசானதை மேலேயும் அடுக்குவது, பாரம் ஒரு பக்கம் சாயாமல் கயிற்றை இறுக்கிக் கட்டுவது: இவை தரும் பலன் அதைவிட அதிகம், காசும் செலவில்லை. உயரமாக ஏற்றிய வண்டி காய்ந்த சாலையில் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். டயர் கிறீச்சிட்டு எச்சரிக்கும் என்று காத்திருக்க நேரம் கிடைக்காது.

சக்கர அகலத்தை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சேத்தூர்ப் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். பருத்திச் சால் இடைவெளிக்கு ஒன்று, தொளி உழவுக்கு ஒன்று என்று பின்சக்கரத்தின் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டும் ரிம்மை மாற்றிப் பூட்டியும் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். டிராக்டரின் அச்சும் பேரிங்கும் அத்தனை நிலைகளையும் கணக்கில் வைத்தே செய்யப்பட்டவை. போர்ஷே நிறுவனம் தன் 911 காருக்குத் தானே ஸ்பேசரும் அதற்கேற்ற நீளமான போல்ட்டும் விற்றிருக்கிறது. ஜெர்மனியில் சான்றிதழ் பெற்ற ஸ்பேசரை மாட்டி, பரிசோதனை நிலையத்தில் காட்டி, வண்டிப் பதிவில் ஏற்றிக்கொண்டு ஓட்டலாம். ஆஸ்திரேலியாவில் தயாரிப்பாளர் பூட்டி அனுப்பியது தவிர வேறு ஸ்பேசர் கூடாது என்று விதி.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. பிரிவு ஸ்பேசரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் மட்கார்டுக்கு வெளியே துருத்தும் சக்கரத்தை நிறுத்திக் கேட்கும் அதிகாரிக்கும், விபத்துக்குப்பின் வண்டியைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் சொல்லப் பதில் இருக்காது. எஃப்.சி. எடுக்கும் சரக்கு வண்டிக்கு இது கூடுதல் தலைவலி.

பாரம் ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு ஸ்பேசர் வேண்டாம் என்பதே என் முடிவு. இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, மாட்டும் முறையையும் சொல்கிறேன். சொந்த நிலத்தில் மட்டும் ஓடும் வண்டியிலோ, ஏற்கெனவே ஸ்பேசரோடு கைமாறி வந்த வண்டியிலோ கைவைக்க நேர்கிறவருக்கு முறை தெரியாமல் இருப்பது இன்னும் மோசம்.

சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கி ஏற்றியபின் அதை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட வேண்டும். சக்கரத்தைக் கழற்றியதும் முதல் வேலை சுத்தம்: ஹப் முகம், கழுத்து, ஸ்டட்டின் அடி மூன்றையும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். சில வண்டிகளில் டிரம் நழுவாமலிருக்கக் கம்பெனியிலேயே ஸ்டட்டில் மெல்லிய தகட்டுக் கிளிப் மாட்டியிருப்பார்கள். அதை எடுக்காவிட்டால் ஸ்பேசர் அந்தக் கிளிப்பின் மேல் ஏறி நிற்கும், ஹப்பைத் தொடாது. ஸ்பேசரை வெறுங்கையால் அழுத்தினால் முழுவதும் உட்கார வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றுவதென்றால் அளவு தவறு. உட்கார்ந்தபின் பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசரின் வெளிமுகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். நீட்டினால், டிஸ்க்கின் உள்முகத்தில் அதற்குக் குழி இருந்தாலொழியச் சக்கரம் அந்த நுனிகளின் மேல்தான் நிற்கும்.

நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், இரண்டு தவணையாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில். இதில் சமரசம் கிடையாது. நட்டை முறுக்கும் உழைப்பில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே போகிறது. ஸ்டட்டை இழுப்பது மிச்சமுள்ள பத்துதான். மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்குக்கு இழுவிசை எக்கச்சக்கமாக ஏறிவிடும். அதனால் மரை சுத்தமாக, உலர்ந்து இருக்கட்டும். வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 60 கிலோ ஆள் 35 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் நின்றால் 206 நியூட்டன் மீட்டர். 10.9 தர எஃகில் செய்த 12 மில்லிமீட்டர் ஸ்டட் 175-க்கு மேல் போனால் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். பிறகு அதன் பிடியை நம்ப முடியாது. ஏர் கன் இதைவிடவும் அதிகம் கொடுக்கும். கழற்ற அது போதும். கடைசி இறுக்கத்துக்கு வேண்டாம்.

உள்நட்டுகளை இறுக்கியதும் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேசரிலுமாகச் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவைத்தால், பின்னால் திறந்து பார்க்கும்போது திரும்பியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் கோடு நேராக இருப்பதாலேயே அழுத்தம் இருக்கிறது என்று பொருளாகாது; அரைத்தாள் படிந்த கதையைக் கோடு காட்டாது. ஆகவே மாட்டிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கரத்தை மீண்டும் கழற்றி, உள்நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, சக்கரத்தை மாட்டி வெளிநட்டுகளையும் சரிபார்க்க வேண்டும். அதன்பின் டயர் மாற்றும்போதெல்லாம், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இதே வேலை.

வழியில் பஞ்சர் ஒட்டும் கடையில் சக்கரத்தைக் கழற்றுபவருக்கு உள்ளே இன்னொரு வரிசை நட் இருப்பது தெரியாது. அதை டிரைவர்தான் சொல்ல வேண்டும். பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, பிரேக் டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவே வெள்ளி நிறத்தில் தடித்த வளையம் ஏதும் தெரிகிறதா என்று நான்கு சக்கரத்திலும் பார்த்துவிட்டுப் பிறகு விலை பேசுவது நல்லது. இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். வளையத்தில் கலவை எண்ணும் தயாரித்தவர் முத்திரையும் இல்லையென்றால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, பேரிங்கையும் ஸ்டட்டையும் புதிதாக மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.